மெஷினுக்கு முன்னாடி கயிறு வாங்குங்க: ராமநாதபுரம் கரைப்பக்கம் மரம் வெட்டுற தொழிலுக்கு எந்த சாமான் தாங்கும்?

ஐப்பசி மழையில உச்சிப்புளி பக்கம் ஒரு ஓட்டு வீட்டு மேல வேப்பமரம் சாஞ்சிருச்சுன்னு காலைல 6 மணிக்கு போன் வந்துச்சு. நாங்க மூணு பேர், குட்டியானைல சாமான ஏத்திக்கிட்டு ஏழுக்கெல்லாம் போய் நின்னுட்டோம். உள்ள ஒரு அப்பத்தா வெளிய வரமாட்டேன்னு உக்காந்திருக்கு, மேல மரத்தோட கவட்டை ஓட்ட அழுத்திக்கிட்டு நிக்குது, சுத்தி ஊரே கூடிருச்சு. மரம் அறுக்குற செயின் மெஷினோட ஸ்டார்ட்டர் கயிற இழுக்குறேன், இழுக்குறேன், தோள்பட்டை கழண்டுரும் போல இருக்கு, மெஷின் ஒரு தடவ உறுமிட்டு அமந்துருச்சு. வாங்கி எட்டே மாசந்தான். அன்னைக்கு அந்த மரத்த கைவாளும் கோடாலியும் வச்சு எறக்கி முடிக்க சாயங்காலம் 4 மணி ஆச்சு. நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல.

அதுக்கப்புறம் நான் வாங்குன ஒவ்வொரு சாமானையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் வாங்குறேன்: மழை பெஞ்ச மறுநாள் காலைல இது வேலை செய்யுமா, செய்யலைன்னா அன்னைக்கே யாரு சரி பண்ணுவாங்க? பவர் எவ்வளவு, பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு) எத்தன இஞ்ச், ஆஃபர் எவ்வளவுங்கிறதெல்லாம் அப்புறந்தான். இப்ப புதுசா இந்தத் தொழிலுக்கு வர்ற தம்பிங்க நெறையப் பேரு "அண்ணே எந்த மெஷின் எடுக்கலாம்"னு கேக்குறாங்க, அவங்களுக்காக நான் பயன்படுத்திப் பாத்தத ஒண்ணோட ஒண்ணு வச்சு எழுதுறேன்.

மொதல்ல நம்ம பக்கத்து மரம் எப்படின்னு பாத்துக்கணும், ஏன்னா யூடியூப்ல வர்ற வீடியோ எல்லாம் நேரா வளந்த காட்டு மரம், நமக்கு அந்த வேலையே இல்ல. சாயல்குடி, கமுதி பக்கம் போனா சீமைக்கருவேல், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் தென்னையும் பனையும், கரையோரமா குடைவேல், ஊருக்குள்ள வேம்பு, புளி, பூவரசு, புங்கை. இதுல முக்கால்வாசி மரம் ஒண்ணர அடி தடிமனத் தாண்டாது. ஆனா கருவேலம் முறுக்கிக்கிட்டு வளரும், அறுக்கும்போது எந்தப் பக்கம் விரியும்னே தெரியாது, பாரக் கவ்விப் புடிச்சுக்கும். பனையும் தென்னையும் வேற மாதிரி, வெளி வைரம் கல்லு மாதிரி இருக்கும், நாருக்குள்ள மணல்சத்து இருக்கிறதால செயின் சீக்கிரம் மழுங்கும், அறுத்த நாரெல்லாம் கிளட்ச் மூடிக்குள்ள போய் சுத்திக்கும். இது போதாதுன்னு ஆடி மாசம் கச்சான் காத்துல பறக்குற மணல் பட்டை வெடிப்புக்குள்ள உக்காந்திருக்கும், புதுச் செயின மொத வெட்டுலயே அது மொட்டையாக்கிரும். வெட்டுற எடத்துல ஒரு வெட்டருவாளால பட்டையச் சீவிட்டு அப்புறம் மெஷின வைங்க, இந்த ஒரு பழக்கத்துலயே செயின் செலவு பெருசா கொறையும்.

சரி மெஷினுக்கு வருவோம். எல்லாரும் மொதல்ல வாங்குறது அந்த 58 சிசி சைனா மெஷின், 22 இஞ்ச் பார். நானும் அதத்தான் வாங்குனேன், கம்பெனி மெஷின் வெலையில மூணுல ஒரு பங்கு கூட இல்ல. புதுசுல நல்லா வெட்டும், அதுல பொய் சொல்லக் கூடாது. பிரச்சன என்னன்னா பாரும் செயினும் மாட்டி எண்ணெய் ஊத்துனா 6 கிலோவத் தாண்டிரும், அந்த 22 இஞ்ச் பாரு நம்ம ஊரு மரத்துக்குத் தேவையே இல்ல, நீளப் பாரோட நுனி எங்கயாவது பின்னாடி இருக்குற கொப்புல தட்டி மெஷின் மூஞ்சிக்கு எத்தும். அப்புறம் உப்புக்காத்து. ஆறு மாசத்துல ஸ்க்ரூ துருப்புடிச்சு கழட்ட வராது, கார்புரேட்டர் செட்டிங் நிக்காது, காலைல ஒரு மாதிரி ஓடும் மத்தியானம் ஒரு மாதிரி ஓடும். என்னோடது செயின் பிரேக்கே ஒரு நாள் புடிக்காமப் போச்சு, அன்னைக்கே அத ஓரமா வச்சுட்டேன். எந்த மெஷினா இருந்தாலும் தெனம் காலைல ஒரு சோதனை பண்ணுங்க: தரையில நின்னு மெஷின ரெண்டு கையாலயும் புடிச்சு முழு ஆக்சிலேட்டர் குடுத்து, எடது மணிக்கட்டால கைப்பிடிக்கு முன்னாடி இருக்குற தடுப்ப முன்பக்கமா தள்ளுங்க, அதுதான் செயின் பிரேக், செயின் டக்குன்னு நிக்கணும். கொஞ்சம் ஓடி நின்னாலும் அத மரத்துக்கு மேல கொண்டு போகாதீங்க.

அடுத்தது கம்பெனி மெஷின். நான் இப்ப முக்கியமா வச்சிருக்கது ஸ்டில் கம்பெனியோட எம்எஸ் 250, 45.4 சிசி, 2.3 கிலோவாட், பாரும் செயினும் இல்லாம 4.6 கிலோ. ஹஸ்க்வர்னாலயும் இதே அளவுல வருது, ரெண்டும் நல்ல சாமான்தான், எனக்கு ரெண்டுல எதுங்கிறது பெரிய விஷயமா தெரியல. எந்தக் கம்பெனிக்கு உங்க ஊருக்குப் பக்கத்துல மெக்கானிக்கும் பார்ட்ஸும் இருக்கோ அத எடுங்க. ராமநாதபுரத்துல கெடைக்காத ஒரு ஸ்ப்ராக்கெட்டுக்காக (செயினச் சுத்த வைக்கிற பல்சக்கரம்) மதுரைக்குப் போனா ஏறக்குறைய 115 கிலோமீட்டர், போக வர ஒரு நாள் போச்சு, அன்னைக்கு ரெண்டு ஆள் சம்பளம், வண்டி வாடகை, சொன்ன தேதில போகலைன்னு பார்ட்டி அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்க. இப்படி ஒரு சீசன்ல மூணு தடவ ஆனா சைனா மெஷின்ல மிச்சம் புடிச்ச காசு காணாமப் போயிரும். நான் கணக்கு எழுதிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

மரத்து மேல ஏறி வெட்டுறதுக்கு அந்த 250-யும் எனக்குக் கனம். அதுக்கு ஸ்டில்லயே எம்எஸ் 180 மாடல் வச்சிருக்கேன், 31.8 சிசி, 14 இஞ்ச் பார், தென்ன மட்ட, வேப்பங்கொப்பு, பூவரசு எல்லாத்துக்கும் தாராளம். ஒரு மெஷினுக்குத்தான் காசு இருக்குன்னா எத எடுக்கலாம்னு கேட்டா, கருவேலமும் விறகும் முக்கியமா வெட்டுறவங்களுக்கு 250, வீட்டு மரம் கழிக்கிறது, தென்ன எறக்குறதுன்னா 180. ரெண்டுக்கும் நடுவுல யோசிச்சு யோசிச்சு 70 சிசி பழைய மெஷின் ஒண்ண செகண்ட்ஹேண்ட்ல வாங்குற தப்ப மட்டும் பண்ணாதீங்க. நான் பண்ணேன். பெரிய புளியமரத்துக்கு ஆகும்னு வாங்குனது, வருஷத்துல ரெண்டு மூணு நாள்தான் வெளிய வந்துச்சு, மிச்ச நாளெல்லாம் உள்ள கெடந்து பெட்ரோல் காஞ்சு அடைச்சுக்கிச்சு. அந்த மாதிரி புளியமரம் வந்தா இப்ப தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட நாள் வாடகைக்கு வாங்கிக்கிறேன்.

பேட்டரி மெஷின் பத்தியும் கேக்குறாங்க. ஆன்லைன்ல 21 வோல்ட்னு போட்டு 4 இஞ்ச், 6 இஞ்ச்ல வர்றது செடி கத்தரிக்க மட்டுந்தான், அத நம்பி தொழில் பண்ண முடியாது, ஒரு கையில புடிக்கலாம்னு வேற ஆசை காட்டும், ஒரு கையில செயின் மெஷின் ஓட்டுனா இன்னொரு கை எங்க இருக்குன்னு மறந்துரும். 36 வோல்ட் கம்பெனி மெஷின் நல்லாவே வெட்டுது, சத்தம் கம்மி, பெட்ரோல் கலக்குற வேலை இல்ல, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி பக்கம் அருமையா இருக்கும். ஆனா நமக்கு வேலை குவியுறதே புயல் மழை அடிச்ச மறுநாள், அன்னைக்குக் கரண்டே இருக்காது. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப பேராவூரணிப் பக்கம் தென்ன வெட்டப் போயிருந்தேன், நாள்கணக்கா கரண்ட் இல்ல, எங்க சார்ஜ் போடுறது? அதனால பேட்டரி மெஷின் ரெண்டாவதா இருக்கலாம், மொதல்ல வேணாம்.

இந்த எடத்துல நம்ம முன்னோர் சாமான் ஒண்ணயும் சேத்துக்கிறேன். நல்ல வளஞ்ச கைவாள், இழுக்கும்போது வெட்டுற ரகம். 4 இஞ்ச் கொப்பு வரைக்கும் மேல உக்காந்துக்கிட்டு மெஷின் இல்லாமலே வெட்டிரலாம். இடுப்புல உறையோட தொங்கும், ஸ்டார்ட் ஆகலைங்கிற பேச்சே கெடையாது. அந்த அப்பத்தா வீட்ட காப்பாத்துனது அதுதான்.

பெட்ரோல் விஷயத்துலதான் நெறையப் பேரு மெஷினக் கொல்றாங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சும், நம்ம கடக்கரை ஈரத்துக்குக் கேக்கவே வேணாம். தண்ணி கூடிப்போனா எத்தனாலும் தண்ணியும் சேந்து பெட்ரோல விட்டுப் பிரிஞ்சு அடியில தங்கிரும், அதத்தான் மெஷின் மொதல்ல குடிக்கும். அந்த அப்பத்தா வீட்டுல எனக்கு அன்னைக்கு நடந்தது அதுதான்னு அப்புறமா கார்புரேட்டரக் கழட்டுனப்பத்தான் தெரிஞ்சுச்சு, சின்னக் கிண்ணம் மாதிரி இருக்குற எடத்துல பச்சையா பாசி மாதிரி படிஞ்சு, உள்ள இருக்குற மெல்லிசு ரப்பர் தகடு காஞ்ச அப்பளம் மாதிரி வெறைச்சுப் போயிருந்துச்சு. ஆக தண்ணி பாட்டில்ல கலந்து வைக்காதீங்க, மூடி இறுக்கமா இருக்குற கேன்ல வைங்க, அந்த வாரத்துக்கு வேணுங்கிறத மட்டும் கலங்க, ரெண்டு வாரத்துக்கு மேல மெஷின் சும்மா இருக்கும்னா டேங்க வடிச்சுட்டு ஓடி அமரும் வரைக்கும் ஓட விடுங்க. அளவு கம்பெனி மெஷினுக்கு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு பெட்ரோல்ல கலக்குற ஆயில்), சைனா மெஷினோட புத்தகத்துல பெரும்பாலும் 40 மில்லின்னு போட்டிருக்கும். ஒரே கேன்ல கலந்து ரெண்டுக்கும் ஊத்துனா ஒண்ணு புகையும், இல்ல இன்னொண்ணு எஞ்சின் இறுகி சீஸ் ஆகும்.

செயினும் அப்படித்தான் ஒண்ணுக்கு ஒண்ணு மாறாது. பிட்ச்ங்கிறது செயின் கண்ணிகளுக்கு நடுவுல உள்ள தூரம், கேஜ்ங்கிறது பார் காடிக்குள்ள ஓடுற கண்ணியோட தடிமன், ரெண்டும் இஞ்ச் கணக்கு. 58 சிசி சைனாவுக்கு பெரும்பாலும் .325 பிட்ச், 0.058 கேஜ். எம்எஸ் 250-க்கு அதே .325 பிட்ச், ஆனா கேஜ் 0.063. சைனா செயின 250 பார்ல மாட்டுனா ஏறிக்கும், ஓடும்போது பார் காடிக்குள்ள ஆடும், கோணலா வெட்டும், கழண்டும் விழும். அரம் 250-க்கு 4.8 மில்லி, 180-க்கு 4 மில்லி. அரம் போடுறதக் கத்துக்கிட்டே ஆகணும், ஒவ்வொரு தடவ பெட்ரோல் ஊத்தும்போதும் பல்லுக்கு ரெண்டு இழுப்பு. தூள் மாவு மாதிரி வந்தா செயின் மழுங்கிருச்சு, சீவலா வந்தா நல்லா இருக்கு. மழுங்குன செயின அழுத்தி வெட்டுறவங்களுக்குத்தான் கை நழுவும்.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயமே. நம்ம பக்கத்துல எல்லாரும் காச மெஷின்ல போட்டுட்டு கயித்த மட்டும் கடக்கரையில தேடுவாங்க. பாம்பன், மண்டபத்துல போட்டுக்குப் பயன்படுத்தி ஒதுக்குன கயிறு சும்மா கெடைக்கும், வல சாமான் கடையில புதுசும் மலிவு. அந்தப் பச்ச, நீலக் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், தண்ணியில மெதக்குறதால மீனவங்களுக்கு அது தேவை, அவங்க வேலைக்கு அது சரியான கயிறு. மரத்து வேலைக்கு ரெண்டு கொறை இருக்கு. வெயில்ல நாள்பட கெடந்தா நார் நாரா உதிரும், வெளிய பாத்தா முழுசா இருக்குற மாதிரியே தெரியும். ரெண்டாவது, சூடு தாங்காது, 165 டிகிரி பக்கத்துலயே உருகிரும். நைலான் 220-க்கு மேல, பாலியெஸ்டர் 250-க்கு மேல.

கயிறு எங்க சூடாகும்னு கேப்பீங்க. கீழக்கரையில ஒரு வீட்டு முத்தத்துல தென்னமரம், ரெண்டு பக்கமும் வீடு, சந்துல ஒரு ஆள் நடக்குற அகலந்தான். துண்டு துண்டா வெட்டி கயித்துல எறக்கணும். கீழ நம்ம பய பக்கத்து பூவரசு மரத்துல கயித்த மூணு சுத்து சுத்தி விட்டு விட்டு எறக்குறான். நாலாவது துண்டுல கயிறு கொஞ்சம் வேகமா ஓடிருச்சு, துண்டு சுவருக்கு ஒரு அடி முன்னாடி வந்து நின்னுச்சு. எறங்கி வந்து கயித்தத் தொட்டா சுடுது, சுத்துன எடம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு வழுவழுப்பா, நகத்தால கீறுனா பிளாஸ்டிக் தூளா உதிருது. வீட்டுக்கார காக்கா (கீழக்கரையில அண்ணன அப்படித்தான் கூப்பிடுவாங்க) அதக் கையில வாங்கிப் பாத்துட்டு, "தம்பி, இன்னைக்கு இது போதும், கயிறு மாத்திட்டு நாளைக்கு வாங்க"ன்னாரு. ஒரு வார்த்தை திட்டல. அந்த நாள நான் மறக்கல.

கணக்கு இதுதான்: 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பச்சத் தென்னந்துண்டு ஒரு மீட்டர் நீளம்னா 65, 70 கிலோ வரும். மேல கப்பி போட்டு எறக்குனா துண்டோட பாரம் ஒரு பக்கம், கீழ புடிக்கிறவன் இழுப்பு இன்னொரு பக்கம், ஆக கப்பி கட்டுன எடத்துல 140 கிலோ. அதுவும் துண்டு அசையாம தொங்குனா. அர மீட்டர் விழுந்து கயித்துல நின்னா அது எத்தனையோ மடங்காயிரும். அதனால எறக்குற கயிறு பின்னல் போட்ட பாலியெஸ்டரா இருக்கட்டும், வெயில் தாங்கும், நனைஞ்சாலும் பலம் கொறையாது, அதிகமா நீளாது. நைலான் இழுபடும், திடீர்னு விழுற பாரத்த வாங்கிக்கும், ஆனா நனைஞ்சா பலம் பத்து பதினஞ்சு சதவீதம் கொறையும். தென்னங்கயிறு மட்டையக் கட்டித் தூக்குறதுக்கும் லோடு கட்டுறதுக்கும் போதும்.

ஆள் தொங்குற கயிறு தனி. அதுல மரத்துண்டு எறக்கவே கூடாது, வண்டி இழுக்கவும் கூடாது. 11 மில்லி, ஈஎன் 1891 ஏ வகைன்னு (இந்த மாதிரி கயித்துக்கான ஐரோப்பியத் தரம்) பாத்து வாங்குங்க, அந்தத் தரத்துல குறைஞ்சது 22 கிலோநியூட்டன் தாங்கணும், அதாவது ஏறக்குறைய 2,200 கிலோ. பெல்ட்டுலயும் கவனம் வேணும். கட்டட வேலைக்குன்னு விக்கிற பெல்ட்ல முதுகுல மட்டும் ஒரு வளையம் இருக்கும், விழுந்தா புடிக்கும், ஆனா அதுல உக்காந்து வேலை பாக்க முடியாது. இடுப்புல ரெண்டு பக்கமும் வளையம் இருக்குறது வேணும். மெஷின் ஓட்டும்போது எப்பவும் ரெண்டு கட்டு, ஒண்ணு மேல இருந்து வர்ற கயிறு, இன்னொண்ணு மரத்தச் சுத்தி இடுப்புக்கு வர்றது, அதுக்குள்ள ஸ்டீல் வயர் இருந்தா இன்னும் நல்லது, தவறி செயின் பட்டாலும் ஒரே வெட்டுல அறுபடாது.

நம்ம பனையேறிங்க தளையும் நெஞ்சுப்பட்டையும் வச்சு ஏறுற கலைய நான் கும்புடுறேன், ஆனா அது ஏறி பாள சீவி எறங்குறதுக்கு உண்டானது. மேல மெஷின் ஓட்டும்போது ரெண்டு கையும் மெஷின்ல இருக்கும், கால் தளைய மட்டும் நம்ப முடியாது. தென்ன ஏற விக்கிற இரும்பு ஏணி மாதிரி மிதிக்கிற சாதனம் தேங்காய் பறிக்க அருமை, வேம்பு பூவரசுக்கு ஆகாது. கால்ல முள்ளு வச்ச இரும்பு கட்டி ஏறுறது சாய்க்கப்போற மரத்துக்கு மட்டுந்தான், உசுரோட இருக்கப்போற தென்னையில குத்துனா அந்தக் காயத்துக்கு சிவப்புக் கூன்வண்டு வரும்.

உப்புக்கு மருந்து நல்ல தண்ணிதான். பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் வேலை முடிஞ்சு வந்தா கொக்கி, கப்பி எல்லாத்தையும் நல்ல தண்ணியில கழுவி நெழல்ல காயப்போடுவேன். அலுமினியக் கொக்கியோட வாய் சரியா மூடாம நின்னுச்சுன்னா அது லோடு கட்டக் கூட வேணாம். ஏணி அலுமினியமா மூங்கிலான்னு கேட்டா, கரண்ட் கம்பி பக்கத்துல ரெண்டுமே வேணாம், நனைஞ்ச மூங்கிலும் கரண்ட் கடத்தும். ஈபில சொல்லி லைன நிறுத்திட்டு, லைன்மேன் வந்து நின்னப்புறம் ஏறுங்க.

சொந்தமா வாங்கவே வேணாம்னு சொல்றது ஜேசிபி, கிரேன், கொப்பு அரைக்கிற மெஷின். தூர் எடுக்க ஜேசிபி மணி வாடகைக்கு வரும். கொப்பு அரைக்க வேண்டிய தேவையே இங்க இல்ல, வேப்பந்தழையும் பூவரசந்தழையும் ஆடு வச்சிருக்கவங்க வந்து அள்ளிட்டுப் போயிருவாங்க, கருவேலங்கட்டை கரி மூட்டத்துக்குப் போயிரும். பனைமரம்னா மெஷின எடுக்குறதுக்கு முன்னாடியே கலெக்டர் அனுமதி இருக்கான்னு கேளுங்க, 2021 வேளாண் பட்ஜெட்லயே அத அறிவிச்சுட்டாங்க. "நாங்க பாத்துக்குறோம் தம்பி"ன்னு பார்ட்டி சொன்னாலும் தாளக் கண்ணால பாத்துட்டுத்தான் நான் கை வைப்பேன்.

என் அக்கா மகன் போன மாசம் இந்தத் தொழிலுக்கு வந்தான், கையில கொஞ்சக் காசுதான். ஆள் தொங்குற கயிறு, பெல்ட், ஹெல்மெட், கண்ணாடி, காலுக்கு முள்ளு ஏறாத பூட்ஸ், எறக்குற கயிறு 50 மீட்டர், ஒரு கப்பி, கைவாள், இதெல்லாம் மொதல்ல வாங்க வச்சேன். மிச்சக் காசுக்கு 180 மாடல் ஒண்ணு எடுத்தான். "மாமா, எல்லாரும் 22 இஞ்ச் வச்சிருக்காங்க, நான் சின்னத வச்சுக்கிட்டு நிக்கிறேன்"னு மொகம் வாடிப் போச்சு. பெரிய மரம் வந்தா என் 250-ய வந்து எடுத்துக்கிட்டுப் போடான்னு சொல்லியிருக்கேன். இதுவரைக்கும் ரெண்டு தடவதான் வந்து எடுத்திருக்கான்.